ஆடாத எண்

எந்த மீட்டரையும் அக்கா ஒரே தடவை பார்த்து நான் கண்டது கிடையாது. முதலில் ஒரு பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரையோ, பக்கத்தில் நிற்பவனின் காலையோ பார்ப்பாள். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப மீட்டரைப் பார்ப்பாள். எண் கொஞ்சமாவது மாறியிருந்தால், "இருக்கியா? சரி, இரு" என்று அதனிடமே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். மாறாமல் இருந்தால் போச்சு, அன்றைக்கு ஒருத்தனுக்கும் வேலை ஓடாது.

வேலைக்கு வெளியிலும் இந்தக் கூத்துதான். தென்காசிச் சந்தையில் ஒரு கடைக்காரரின் எலக்ட்ரானிக் தராசு முன்னால் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, கத்திரிக்காய எடுத்துட்டு வெறுந்தட்ட ஒருக்கா காட்டுங்க" என்றாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நான் ஒன்ன ஏமாத்தவா போறேன்?"

"நீங்க ஏமாத்த மாட்டிய அண்ணாச்சி. அது ஏமாந்து போயிருக்கான்னு பாக்கேன்."

பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் மானம் போனது. கடைக்காரர் வெறுந்தட்டைக் காட்டினார். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது. அக்கா அதைப் பார்த்து மனதார மகிழ்ந்து கூடக் கால் கிலோ வாங்கினாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தோம். அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நான் பராமரிப்புப் பிரிவு. வால்வு, பம்பு, குழாய் இவைதான் என் உலகம். அக்கா ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் அதிகாரி. எந்த அறையில் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, உள்ளே போகலாமா, போனால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்வது அவர்கள் வேலை. அக்கா கையெழுத்துப் போடாமல் எங்கள் ஆள் ஒருத்தன் ஒரு கதவைத் தாண்ட முடியாது. எனக்கோ எல்லாம் சட்டுபுட்டென்று நடக்க வேண்டும். அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடுவாள். எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் அவளுக்கு 'ரெண்டு தடவை அக்கா' என்று பெயர் வைத்தவனே நான்தான்.

அவள் தென்காசிக்காரி என்று தெரிந்ததும் அதே கேன்டீனில்தான். யாரிடமோ நான் "அங்கன நிக்கான் பாரு" என்று சொன்னது காதில் விழுந்து, சாப்பிட்ட கையோடு திரும்பினாள்.

"ஏலே, நீ எந்த ஊரு?"

"இலத்தூருக்கா."

"இலத்தூரா! நான் தென்காசில்லா. விஸ்வநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவு."

அத்தோடு சரி, என்னோடு சண்டை போடும் உரிமை அவளுக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் குற்றாலத்து மங்குஸ்தான் பழம் ஒரு பை எனக்கென்று வரும். மறுநாள் காலையிலேயே என் வேலையை நிறுத்துவாள்.

ஆள் நெடுநெடுவென்று உயரம். தலை நிறையப் பிச்சிப்பூ வைப்பாள். கதிர்வீச்சுப் பகுதிக்குள் போக வேண்டுமானால் சொந்தத் துணியைக் கழற்றிவிட்டு அங்கே தரும் முழு அங்கியைப் போட வேண்டும், பூவெல்லாம் ஆகாது. ஆகவே வாசலில் பூவை எடுத்து டிபன் டப்பா மூடியில் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வெளியே வந்து குளித்துவிட்டு அதே பூவை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அந்தப் பஸ்ஸே மணக்கும்.

அவள் ஏன் இரண்டு தடவை பார்க்கிறாள் என்று நான் ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். அவள் சொன்னது இதுதான். உலகத்தில் எந்த இடத்திலும் கதிர்வீச்சு இல்லாமல் இல்லை. தரையிலிருந்து வருகிறது, வானத்திலிருந்து வருகிறது. குழாயைத் திறந்ததுபோல் ஒரே சீராக வராது. புளியம்பூ உதிர்வதுபோல் இப்போது ரெண்டு, அப்புறம் அஞ்சு, அப்புறம் ஒன்று என்று விழும். ஆகவே நல்ல நிலையில் இருக்கும் மீட்டரில் கடைசி எண் கூடிக் குறைந்து ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

"உசுருள்ளது ஆடும்லே" என்றாள். "ஆடலைன்னா, ஒண்ணு செத்துப்போச்சுன்னு அர்த்தம். இல்ல, தாங்க முடியாத எடத்துல மாட்டித் திக்குமுக்காடிக் கெடக்குன்னு அர்த்தம். ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"சரிக்கா, கையெழுத்தப் போடுங்க" என்றேன் நான். என் மண்டையில் அன்றைக்கு அவ்வளவுதான் ஏறியது.

பிறகு அந்த நாள் வந்தது. உலையை நிறுத்திவிட்டு வருடாந்தர வேலைகளைப் பார்க்கிற சமயம். ஒரு சின்ன அறையில் ஒரு வால்வு கசிந்துகொண்டிருந்தது. நானும் என் ஆட்கள் மூன்று பேரும் உள்ளே போய், அதன் பக்கத்தில் குத்தவைத்து, கழற்றி மாட்டிவிட்டு வர வேண்டும். பிளாஸ்டிக் அங்கி, முகமூடி எல்லாம் மாட்டி நிற்கிறோம். அதற்குள் நின்றால் வேர்வை முதுகில் ஆறாக ஓடும். மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. அறைக்குள் ஓர் உணர்கருவி. அது அளப்பதைக் கதவுக்கு வெளியே சுவரில் ஒரு மானிட்டர் காட்டும். சிவப்பில் பன்னிரண்டு என்று காட்டியது. பன்னிரண்டு என்றால் ஒன்றுமே இல்லை, பாயை விரித்துப் படுத்துத் தூங்கலாம்.

அக்கா வந்தாள். பன்னிரண்டைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை என் காலைப் பார்த்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"என்னக்கா?"

"இது காலைல எவ்வளவு இருந்துச்சு?"

"பன்னெண்டு."

"நேத்து?"

"நேத்தும் பன்னெண்டுதான். நல்லாத்தானக்கா காட்டுது. ஏறவே இல்லையே."

"நல்லா காட்டுதுன்னுதாம்லே பயமா இருக்கு."

அதற்குள் போன் வந்தது. எங்கள் மேலாளர். உலையைத் திரும்ப ஓட்டும் தேதி தள்ளிப்போகிறது என்று அவருக்கு மேலிருந்து நெருக்கடி. கட்டுப்பாட்டு அறையில் ஓர் அலாரம்கூட அடிக்கவில்லையே, பிறகு என்ன தாமதம் என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அடிக்காது சார். செத்தவன் எப்படி சார் கத்துவான்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நீளக் கம்பின் நுனியில் மாட்டிய மீட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதையும் உடனே நம்பிவிடவில்லை. சோதித்துப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் சின்னக் கதிர் வில்லையை அதன் அருகே கொண்டுபோனாள். எண் துள்ளியது. எடுத்தாள், இறங்கியது. "இருக்கியா? வா" என்றாள். எங்களை மூலை திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தடித்த சுவருக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொண்டு, கதவை ஒரு கையளவு திறந்து கம்பை மட்டும் உள்ளே நீட்டினாள். எனக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கம்பை இழுத்தாள், கதவைச் சாத்தினாள்.

"முகமூடியக் கழத்துங்கலே. எல்லாரும் வெளிய நடங்க."

"எவ்வளவுக்கா?"

"நீ உள்ள போற மாதிரி இல்ல. நட."

பிறகு கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் வேறொரு குழாயைக் கழுவிவிட்டபோது, கதிரியக்கம் மிகுந்த கசடு அந்த அறைக் குழாயின் வளைவில் வந்து தங்கிவிட்டது. நாங்கள் குத்தவைக்க வேண்டிய இடத்துக்கு அரை கை தூரத்தில். உள்ளேயிருந்த உணர்கருவியோ அதற்கும் முன்பே செத்துவிட்டிருந்தது. கெட்டுப்போனால் கெட்டுப்போனேன் என்று காட்டவேண்டிய மானிட்டர், கடைசியாகத் தெரிந்த பன்னிரண்டையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. ஷிப்டுக்கு ஷிப்டு வந்தவர்களும் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு, ஏறவில்லை, ரொம்ப நல்லது என்று போயிருக்கிறார்கள். நானும்தான். அது ஏறவில்லை என்று பார்த்த எங்களில் ஒருத்தருக்கும் அது இறங்கவும் இல்லை என்பது கண்ணில் படவில்லை.

"எங்க சட்டைல மாட்டிருக்க கருவி கத்திருக்கும்லாக்கா?" என்று என் ஆள் ஒருவன் கேட்டான்.

"கத்தும். நீ உள்ள போய் அது பக்கத்துல ஒக்காந்த பொறவு கத்தும். முகமூடியும் அங்கியுமா நீ எந்திரிச்சு ஓடி வாரதுக்குள்ள வாங்க வேண்டியத வாங்கிருப்ப."

கதவு திறந்த அந்த ஒரு கணத்தில், நின்ற இடத்திலிருந்து எனக்கு அறையின் ஒரு கீற்றுத் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சம். பச்சைப் பெயின்ட் அடித்த தரை. சுவரில் யாரோ ஒட்டிய 'புகைபிடிக்காதே'. அவ்வளவுதான். நெருப்பில்லை, புகையில்லை, நாற்றமில்லை, சத்தமில்லை. எத்தனையோ வருஷம் அதோடு புழங்கியவன் நான். அன்றைக்குத்தான் எனக்கு அதைக் கண்டு பயம் வந்தது. ஒன்றுமே இல்லாத அந்த அறையை, ஓர் எண் ஆடவில்லை என்பதை வைத்தே ஒருத்தி பார்த்துவிட்டாளே!

சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்தபோது அவள் டிபன் மூடியிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"என்னலே, பேயறஞ்ச மாதிரி நிக்க? வீட்டுக்குப் போய் பிள்ளைகளப் பாரு."

மறுநாள் முதல் அந்த மாதிரி மானிட்டர் இருக்கும் எல்லா இடத்துக்கும் அவள் போனாள். பார்த்தாள், திரும்பினாள், பார்த்தாள். உலை ஓடும் தேதி தள்ளித்தான் போனது. மேலாளர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கேன்டீன் கடிகாரத்தை அவர் பார்த்துவிட்டு, சாம்பார் வாளியைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். அந்தப் பட்டப்பெயரை அதற்குப்பின் நான் சொன்னதில்லை. மற்றவர்கள் மரியாதையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த சாரல் சீசனுக்கு மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளும் அத்தானும் எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். மெயினருவியில் கூட்டம் சொல்லி மாளாது. ஒதுக்குப்புறமாக ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அக்கா பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தாள். சொந்தக் காசில் வாங்கியதாம். டிக், டிக் என்று எப்போதோ ஒரு சத்தம். அதைப் பாறைமேல் வைத்தாள். சத்தம் அடிக்கடி கேட்டது.

"பாறை பேசுது கேளு" என்றாள் என் மனைவியிடம்.

பிறகு குங்குமச் சிமிழ் ஒன்றைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக மடித்த வலைத்துணி. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில். சாமி புறப்பாட்டுக்கு விளக்குத் தூக்குகிற கட்டளை ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்ததாம். அப்போது வாங்கிப்போட்ட மேண்டில்களில் மிஞ்சியது. அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் சேர்ப்பார்கள், அது கதிர் வீசும் உலோகம். கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது பொரிகடலை வறுக்கிற மாதிரி படபடத்தது.

"அந்த வெளிச்சத்துலதாம்லே எங்க அப்பா சாமி பாத்தாரு" என்றாள்.

என் மனைவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அக்கா, அப்பம் இந்த அருவில குளிக்கலாமா?"

"நல்லா குளி. இது என்னைக்கும் உள்ளதுல்லா. பாறைல இருக்கு, வாழைப்பழத்துல இருக்கு, ஒன் எலும்புல இருக்கு. இது இல்லாத எடம்னு ஒண்ணு கெடையாது. அளவுக்குப் போனாத்தான் ஆபத்து."

அப்போது சாரல் பிடித்தது, கொஞ்சம் வலுவாகவே. அக்கா சேலை முந்தானையால் கருவிக்குக் குடை பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெல்ல மெல்லக் கூடுவது எனக்கே தெரிந்தது. மேகத்தோடு திரிகிற இயற்கைக் கதிர்த்துகளை மழை கழுவிக் கீழே கொண்டுவருகிறது, சற்று நேரத்தில் தணிந்துவிடும் என்றாள். அப்படியே தணிந்தது. சின்ன வயதிலிருந்து நனைந்த சாரல்! மலையும் மழையும் இத்தனை காலமாக இப்படிச் சொட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன, நான் தலையைத் துவட்டிக்கொண்டு அல்வா வாங்கப் போயிருக்கிறேன். அக்கா கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி இருப்பார்கள்.

ஓய்வு பெற்று அவள் தென்காசிக்கே போய்விட்டாள். சில வருஷம் கழித்து நானும் குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். போன் செய்தால் "இருக்கியாலே?" என்றுதான் ஆரம்பிப்பாள். இருக்கேன் என்று சொன்னால் விடமாட்டாள். என்ன குழம்பு, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதா என்று எதையாவது கேட்டுவிட்டு, மறுபடி "இருக்கியா?" என்பாள்.

என் மாமியார் தவறிப்போன சமயம், என் மனைவியிடம் அடிக்கடி போனில் பேசினாள். இவளும் "நல்லாருக்கேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்கூட, பரவாயில்லை, தேறிவிட்டாள் என்றிருந்தேன். ஒருநாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கி நேரே அடுக்களைக்குப் போனாள்.

"நானும் பாக்கேன், ஒரே மாதிரி நல்லாருக்கேன் நல்லாருக்கேங்க. அம்மா செத்த பிள்ளை ஒரு நாள் நல்லாருக்கும், ஒரு நாள் அழுவும். நீ என்னட்டி ஆடாம நிக்க?"

என் மனைவி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அவள் தோளில் விழுந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. எனக்கு அருகிலேயே படுத்து எழுந்தவளை எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போன சித்திரையில் அக்கா போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். மறுநாள் உச்சிக்குத்தான் வந்து சேர முடியும். "அம்மா முகத்த நான் பாக்கணும், எப்படியாவது வச்சிருங்க" என்று போனில் கதறினாளாம். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி மூடிக்குள் அக்கா படுத்திருந்தாள். கால்மாட்டில், உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் எண் சிவப்பில் நாலு என்று எரிந்தது. வெளியே அக்கினி வெயில்.

அத்தான் ஒரு பந்து பிச்சிப்பூவோடு வந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, அவரே அவள் தலைமாட்டில் வைத்தார். சுற்றிப் பெண்கள் கூடி அழுதார்கள். மூடி வெகுநேரம் திறந்தே கிடந்தது. பிறகு மூடினார்கள். நான் கால்மாட்டில் நின்றவன் தற்செயலாக அந்த எண்ணைப் பார்த்தேன். நாலு. சுவரைப் பார்த்தேன். மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தேன். நாலு.

அத்தனை நேரம் திறந்து கிடந்த பெட்டி, சித்திரை வெயில், அத்தனை பேர் மூச்சு. ஓர் எண்கூட ஏறவில்லை.

புறங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். குளிர்ச்சி இல்லாமல் வீட்டு பீரோக் கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து காது வைத்தேன். மோட்டார் ஓடவில்லை. பந்தலில் போன் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்காரப் பையனைக் கூப்பிட்டேன்.

"பெட்டி ஓடலடே."

அவன் வந்து எட்டிப் பார்த்தான். "ஓடுது அண்ணாச்சி. நாலு இருக்குல்லா. நல்லாத்தான காட்டுது."

"நல்லா காட்டுதுன்னுதாம்டே பயமா இருக்கு!"

நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. துட்டி வீட்டில் வந்து என்ன தகராறு என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அத்தான் மட்டும் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பூ வைக்கதுக்குத் தொறந்தப்பம் ஏறிச்சா?"

"இல்ல அத்தான்."

அவர் நாற்பது வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவர். எழுந்து நின்று, "வேற பெட்டி கொண்டாங்கடே" என்றார்.

வேறு பெட்டி வந்தது. மாற்றிக் கிடத்தினோம். எண் முப்பதுக்கு மேலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டு வந்தது. அது இறங்கி முடியும்வரை நானும் அத்தானும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. முதல் பெட்டியையே நம்பியிருந்தால் மகள் வரும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் உச்சியில் மகள் வந்தாள். செருப்போடு ஓடிவந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுது அழுது ஓய்ந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அம்மா தூங்குத மாதிரியே இருக்கா மாமா" என்றாள். தலைமாட்டில் பிச்சிப்பூ வாடாமல் இருந்தது.

நான் கால்மாட்டுக்கு வந்தேன். நாலு. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தேன். அஞ்சு.

"இருக்கியா?" என்றேன். "சரி, இரு."